குதிரைக்கு உடம்பு சரியில்லை

என் காரில் ஒரு சத்தம் வந்தது. அதை முதலில் கேட்டவர் என் மனைவி.

"என்னங்க, ப்ளேன் போற மாதிரி ஒரு சத்தம் வருதே?"

"ப்ளேன்தான் போகுது" என்றேன்.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கம். மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கம்தான். விமானச் சத்தம் எங்களுக்குக் காக்கைச் சத்தம் மாதிரி. அதனால் என் பதிலைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் எந்த விமானமும் நான் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் வந்து, வேகத்தைக் குறைத்ததும் போய்விடாது. இந்தச் சத்தம் அப்படித்தான் செய்தது. 'ஊ...ம்' என்று ஆரம்பிக்கும். எழுபதில் ஒரு கட்டை ஏறும். எண்பதில் பின் சீட்டில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும்.

இது 2024 ஜூனில். அக்டோபர் வரை நான் ஒன்றும் செய்யவில்லை. காரணம் சோம்பல் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. காரை விற்பதாக முடிவு செய்திருந்தேன். பதினோரு வருஷத்து வண்டி. விற்கப் போகிற வண்டிக்கு எதற்குச் செலவு? அதைவிட முக்கியமாக, மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் 'இதுதான் கோளாறு' என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் வம்பு.

தெரியாமல் இருப்பதற்காக ஒரு மனுஷன் நாலு மாசம் மெனக்கெட்டிருக்கிறான் என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

*

அக்டோபரில் ஒரு பெரியவர் வண்டியைப் பார்க்க வந்தார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். கார் அவருக்கு இல்லை, மகளுக்கு. மகள் சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றுக்கு மேல் வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

"கம்பெனி கேப்ல வர்றா தம்பி. நாலு பேரை இறக்கிவிட்டு இவ வீடு வந்து சேர்றப்ப மணி ஒண்ணு. அதான் சொந்தமா ஒரு வண்டி இருந்தா நல்லதுன்னு..."

'தம்பி' என்று அவர் சொன்னதைக் கவனியுங்கள். பின்னால் தேவைப்படும்.

வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் திறந்து, புரிந்த மாதிரி தலையாட்டினார். நானும் புதுக் கார் பார்க்கப் போனால் அப்படித்தான் ஆட்டுவேன். பிறகு ஒரு ரவுண்டு போகலாம் என்றார்.

எங்கள் தெருமுனையிலிருந்து ஒரு பக்கம் போனால் ரேடியல் ரோடு. அகலமான சாலை, தாராளமாக எழுபதில் போகலாம். இன்னொரு பக்கம் போனால் வேளச்சேரி. மாலை ஆறு மணிக்கு வேளச்சேரி எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பதைத் தாண்டினால் சாதனை.

நான் வேளச்சேரிப் பக்கம் திருப்பினேன்.

"பாட்டு கேப்பீங்களா சார்?" என்று ரேடியோவைப் போட்டேன். நல்ல ஸ்பீக்கர், அதையும் காட்ட வேண்டாமா? ஏ.சி.யை மூன்றில் வைத்தேன். கூலிங் நன்றாக இருக்கிறது, அதையும்தான் காட்ட வேண்டாமா? இப்படி ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது. அயோக்கியத்தனத்தின் லட்சணமே இதுதான். அது ஒருபோதும் தனியாக வராது, ஒரு நல்ல காரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

திரும்பி வந்து இறங்கும்போது அவர் கேட்டார்: "வீல், சஸ்பென்ஷன் எல்லாம் ஓகேதானே தம்பி?"

நான் புன்னகைத்தேன். அவ்வளவுதான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் பேசி முடித்தோம். பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மீதிப் பணத்தோடு வந்து படிவம் 29, 30-ல் கையெழுத்து போட்டுக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டார்.

*

அன்று ராத்திரி எனக்குத் தூக்கத்துக்குப் பதிலாக ஒரு குதிரை வந்தது.

பி.காம். படித்தவர்களுக்கு அந்தக் குதிரையைத் தெரிந்திருக்கும். மெர்க்கன்டைல் லா பேப்பர். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதில் 17-வது பிரிவு, மோசடி என்றால் என்ன என்பதைச் சொல்வது. அந்தப் பிரிவில் சட்டமே சில கதைகள் சொல்லும். முதல் மூன்று கதையிலும் ஒரு குதிரை.

முதல் கதை: 'அ' என்பவர் ஏலத்தில் 'ஆ'வுக்குக் குதிரை விற்கிறார். குதிரைக்கு உடம்பு சரியில்லை. அது 'அ'வுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். வெறும் மௌனம் மோசடி ஆகாது. வாங்குபவர்தான் பல்லைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அப்பாடா, உலகம் இவ்வளவு சுலபமானதா!

ஆனால் சட்டம் அதோடு நிறுத்தவில்லை. இரண்டாவது கதையில், குதிரையை வாங்குவது 'அ'வின் மகள். இப்போதுதான் மேஜர் ஆனவள். இங்கே வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. அப்பனுக்கு மகளிடம் சொல்ல வேண்டிய கடமை உண்டு. மூன்றாவது கதையில் வாங்குபவர் சொல்கிறார்: 'நீங்கள் மறுக்கவில்லையென்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.' விற்பவர் பேசாமல் இருக்கிறார். இந்த மௌனம் மௌனமல்ல, பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

'வீல் எல்லாம் ஓகேதானே தம்பி?' என்று ஒருவர் கேட்க, ஒருவன் புன்னகைத்தது எந்தக் கதையில் சேரும்? இருட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். முதல் குதிரையாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். நிச்சயமாக மூன்றாவது குதிரை.

அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. ஒரு விஷயத்தைத் தெரிந்தோ, அப்படித்தான் இருக்கும் என்று நம்பியோ, அதை முனைந்து மறைத்தால் அது மோசடி. 'தெரிந்தோ' என்பதோடு சட்டம் நிறுத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். எனக்குத்தான் தெரியாதே! ஆனால் 'நம்பியோ' என்று ஒரு சொல்லையும் சேர்த்திருக்கிறான் வெள்ளைக்காரன். வண்டியில் ஏதோ கோளாறு என்று நான் நம்பவில்லையென்றால், எதற்காக வேளச்சேரிப் பக்கம் திருப்பினேன்?

*

மறுநாள் ஆடிட்டர் நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"டேய், நீ என்ன மெக்கானிக்கா? சத்தம் வந்தா அது ஆயிரம் காரணத்துக்கு வரும். உனக்கு நிச்சயமா தெரியாது. தெரியாததைச் சொல்லாம இருக்கிறது எப்படிடா பொய்யாகும்? பதினோரு வருஷ வண்டி, ரெண்டு லட்சத்துக்குக் கிடைக்குதுன்னா அந்த ஆளுக்கே தெரியும், ஏதாவது இருக்கும்னு. விலையிலேயே அதெல்லாம் சேர்ந்தாச்சு."

நல்ல வாதம்தான். இதே வாதத்தை வைத்து ஒருவன் கப்பலே விட்டிருக்கிறான்.

வில்லியம் கிளிஃபர்ட் என்று ஓர் ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர். 33 வயதில் இறந்துபோனவர். 1877-ல் நம்பிக்கையின் நெறி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். பழைய கப்பல். பல தடவை ரிப்பேர் பார்த்தது. குடிபெயர்ந்து போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். 'கப்பல் தாங்குமா?' என்று யாரோ சந்தேகம் கிளப்புகிறார்கள். முதலாளிக்கு மனசு உறுத்துகிறது. ஆனால் முழுசாகச் சோதித்துப் பார்க்கப் பணம் செலவாகும். எனவே தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். எத்தனை புயலைப் பார்த்த கப்பல் இது, இந்தத் தடவை மட்டும் என்ன ஆகிவிடும்? ஆண்டவன் கைவிட மாட்டான். கட்டியவர்களைச் சந்தேகப்படுவது நல்ல மனுஷனுக்கு அழகா? இப்படியே நம்பி நம்பி, கடைசியில் உண்மையாகவே நம்பிவிடுகிறார். லேசான மனசோடு கப்பலை வழியனுப்புகிறார். நடுக்கடலில் அது மூழ்குகிறது. இன்ஷூரன்ஸ் பணம் வருகிறது.

முதலாளி பொய் சொன்னாரா? இல்லை. மனசார நம்பினார். ஆனால் கிளிஃபர்ட் அவரை விடவில்லை. அப்படி நம்புவதற்கு உமக்கு உரிமையே கிடையாது என்கிறார். பொறுமையாக விசாரித்துச் சம்பாதித்த நம்பிக்கை அல்ல அது, சந்தேகத்தின் கழுத்தை நெரித்துச் சம்பாதித்தது.

இதற்கு மேல் ஒரு படி போகிறார். கப்பல் மூழ்கவில்லை, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முதலாளி குற்றவாளிதான். தப்பித்தது அவருடைய அதிர்ஷ்டம், யோக்கியதை அல்ல. குற்றம் கடலில் நடக்கவில்லை, முன்பே அவருடைய தலைக்குள் நடந்துவிட்டது.

கப்பலுக்குப் பதில் கார். கடலுக்குப் பதில் ராத்திரி பன்னிரண்டு மணி ஓ.எம்.ஆர். ரோடு. நான் போனை எடுத்துப் பாய்க்கு அடித்தேன்.

*

பாய் எங்கள் ஏரியா மெக்கானிக். மரத்தடியில் ஒரு ஷெட், ஒரு பையன், இரண்டு ஜாக்கி. அவ்வளவுதான் ஒர்க் ஷாப். அவரோடு ரேடியல் ரோட்டுக்குப் போனேன்.

காரில் ஏறியதும் அவர் செய்த முதல் காரியம், ரேடியோவை அணைத்தது. இரண்டாவது, ஏ.சி.யை அணைத்தது. மூன்றாவது, கண்ணாடிகளை ஏற்றியது. நான் சத்தத்தை மறைக்கச் செய்ததையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்த மாதிரி இருந்தது.

"எழுபது போங்க சார்... இப்ப நியூட்ரல்ல விடுங்க."

எஞ்சின் அடங்கியது. 'ஊம்' அடங்கவில்லை.

"எஞ்சின் இல்ல. உருள்ற எதுவோதான். ரோடு காலியா இருக்கு பாருங்க, லேசா ரைட்ல வளைங்க."

வலது பக்கம் வளைத்தபோது சத்தம் ஏறியது. இடது பக்கம் வளைத்தபோது குறைந்தது. வலது பக்கம் வளைந்தால் வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும். பாரம் ஏறும்போது எது கத்துகிறதோ அதில்தான் வலி.

"அப்ப லெஃப்ட் வீல் பேரிங்தானே பாய்?"

"அவசரப்படாதீங்க. டயரு ஒரு மாதிரி தேஞ்சாலும் இதே சத்தம்தான் வரும். பேரிங்குன்னு சொல்லி உங்ககிட்ட காசு வாங்கிட்டு, அப்புறம் அது டயருன்னா?"

ஷெட்டுக்கு வந்து முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டார். மறுபடியும் ரேடியல் ரோடு. டயர் என்றால் சத்தமும் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. திரும்பி வந்து ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். 'டக்' என்று மிக லேசாக ஓர் ஆட்டம். பிறகு என் கையைப் பிடித்துச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.

உள்ளங்கையில் நறநறவென்று ஏறியது. கிரைண்டரில் அரிசியோடு மணல் விழுந்த மாதிரி.

"இப்ப சொல்றேன். பேரிங்."

எனக்கு அவருடைய முறைதான் ஆச்சரியமாக இருந்தது. முதல் ஐந்து நிமிஷத்திலேயே அவருக்குத் தெரியும். ஆனாலும் தனக்குத் தெரிந்ததை அவரே சந்தேகப்பட்டு, அது தப்பாக இருக்க என்ன வழியோ அத்தனையும் பார்த்து, மூடிவிட்டுத்தான் சொன்னார். நான் நாலு மாசமாகத் தெரியாமல் இருக்க உழைத்தேன். அவர் ஒரு மணி நேரம் தெரிந்துகொள்ள உழைத்தார். கிளிஃபர்ட் சொல்கிற 'நம்ப உரிமை' என்பது பாய் செய்த அந்த வேலைதான்.

வீல் பேரிங் என்பது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஓர் உள் வளையம், ஒரு வெளி வளையம், நடுவில் எஃகுக் குண்டுகள், கொஞ்சம் கிரீஸ். வண்டியின் பாரமெல்லாம் சக்கரத்துக்கு இறங்குவது இந்தக் குண்டுகள் வழியாகத்தான். தண்ணீர் புகுந்தாலோ, பள்ளத்தில் ஓங்கி விழுந்தாலோ, குண்டு ஓடுகிற பாதையில் சின்னச் சின்னக் குழி விழும். குழியில் குண்டு ஏறி இறங்கும் சத்தம்தான் 'ஊம்'. விட்டுவிட்டால் சூடேறும், சக்கரம் ஆடும், ரொம்ப முற்றினால் சக்கரமே கழன்று வரும் ஆபத்தும் உண்டு. இதில் ஒரு நல்ல குணம், அது முதலில் சொல்லிவிடும். மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். நாம்தான் ப்ளேன் என்போம்.

மாற்றுவதுதான் பெரிய வேலை. சக்கரம் தரையில் இருக்கும்போதே பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஆக்ஸில் நட்டைத் தளர்த்தினார். பிரேக் காலிப்பரைக் கழற்றி, ஹோஸ் இழுபடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். பேரிங் உட்கார்ந்திருக்கிற நக்கிளை அப்படியே கழற்றி எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கிற லேத் பட்டறைக்குப் போனோம். அங்கேதான் பிரஸ் மிஷின். சுத்தியலால் அடித்தும் பேரிங்கை ஏற்றலாம். நிறையப் பேர் அப்படித்தான் ஏற்றுகிறார்கள்.

பட்டறைப் பையனிடம் பாய் மூன்று தடவை சொன்னார்: "வெளி வளையத்துல மட்டும் அழுத்து. உள் வளையத்துல கை வெக்காத."

"வெச்சா என்ன ஆகும் பாய்?"

"அழுத்தம் பூரா குண்டு வழியா போகும். புதுசுலயே குழி விழுந்துடும். இன்னிக்கு ஒண்ணும் தெரியாது சார். ரெண்டு மாசம் கழிச்சுக் கத்தும். அப்ப எல்லாரும், பேரிங் கம்பெனி சரியில்லன்னு சொல்லுவாங்க."

இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. அந்த வார்த்தை என்னைக் குத்தியது. யாருக்கும் தெரியாது என்கிற இடத்தில் வெளி வளையத்தில் அழுத்துகிறவர் ஒருவர். யாருக்கும் தெரியாது என்பதற்காக வேளச்சேரி பக்கம் திருப்புகிறவன் ஒருவன்.

பேரிங், கூலி, பிரஸ் கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். "ரைட் சைடும் மாத்திடலாமா பாய்?" என்று கேட்டேன். "அது நல்லாருக்கு. நல்லாருக்கறத எதுக்கு மாத்தணும்?" என்றார். இரண்டு மடங்கு பில் போட வாய்ப்பிருந்தும் போடாமல் போன ஆள்.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கோளாறைச் சரிசெய்தாயிற்று. இனி யாரிடமும் எதையும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. குதிரைக்கு உடம்பு குணமாகிவிட்டது.

பாய் பழைய பேரிங்கைப் பிரித்துக் காட்டினார். கிரீஸ், கிரீஸ் மாதிரியே இல்லை. பால் ஜாஸ்தியான காபி மாதிரி இருந்தது. ஓரத்தில் துரு.

"வண்டி தண்ணில நின்னுச்சா சார்?"

நின்றது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மடிப்பாக்கத்தில் இரண்டு நாள், பாதிச் சக்கரம் வரை. உள்ளே ஏறவில்லை, எஞ்சினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் 'வெள்ளத்தில் சிக்கிய வண்டி' என்று நான் அதை நினைத்ததே கிடையாது. பெரியவரிடம் சொல்லவும் இல்லை.

"அப்ப மத்த மூணும் தண்ணி பாத்திருக்கும். இப்ப நல்லாத்தான் இருக்கு. எப்ப கத்தும்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் பாய் கை கழுவப் போய்விட்டார்.

எனக்குத்தான் கழுவ முடியவில்லை. ஒரு கோளாறைச் சரிசெய்யலாம். வண்டி தண்ணீரில் நின்ற இரண்டு நாளை எந்தப் பிரஸ் மிஷினில் வைத்துக் கழற்றுவது? அதைச் சரிசெய்ய ஒரே வழி, சொல்வதுதான்.

சனிக்கிழமை காலை போன் செய்தேன். சத்தம் வந்தது, மாற்றியது, தண்ணீரில் நின்றது, டெஸ்ட் டிரைவுக்கு எதற்கு வேளச்சேரி போனோம் என்பது வரை சொன்னேன். கடைசி விஷயம் சொல்லும்போது தொண்டை கொஞ்சம் அடைத்தது.

எதிர்முனையில் நீண்ட மௌனம். சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் பெரியவர் கண் கலங்கி, 'இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!' என்று சொல்லியிருப்பார்.

"வேற என்னென்ன இருக்கு சார்?" என்றார்.

கவனித்தீர்களா? தம்பி போய்விட்டது. சார் வந்துவிட்டது.

மறுநாள் சொந்தமாக ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரேடியல் ரோட்டில் எண்பதில் ஓட்டினார்கள். மேட்டைத் தூக்கிச் சேறு இருக்கிறதா என்று பார்த்தார்கள். கடைசியில், தண்ணீரில் நின்ற வண்டி என்பதால் பதினைந்தாயிரம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். குறைத்தேன். 4,200-ஐயும் சேர்த்தால் 19,200. பி.காம். படித்தவன் கணக்கு எழுதாமல் இருக்க முடியாது. உண்மையின் விலை, ரூபாய் பத்தொன்பதாயிரத்து இருநூறு. ஜி.எஸ்.டி. கிடையாது.

*

எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னவனை ஏன் சந்தேகப்பட வேண்டும்?

ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். 1970-ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய பிறகு நான்காவது பத்திரிகை வெளியிட்டது. 2001-ல் வேறு இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, அதற்கு அடிப்படையாக இருந்தது அந்தக் கட்டுரைதான். விஷயம் எளிமையானது. விற்பவருக்கு வண்டி நல்லதா சொத்தையா என்று தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. எனவே எல்லா வண்டியும் சுமார் என்று வைத்துக்கொண்டு சுமாரான விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் சொத்தைதான் மிஞ்சும். விலை இன்னும் இறங்கும்.

அதாவது, பெரியவர் என்னைச் சந்தேகப்பட்டது என்னால் அல்ல. எனக்கு முன்னால் புன்னகைத்த அத்தனை பேராலும். அவர்கள் வாங்கிய கடனுக்கு நான் வட்டி கட்டினேன். அப்படிப் பார்த்தால், நான் மட்டும் அந்தப் புன்னகையோடு நிறுத்தியிருந்தால், அடுத்து விற்கப் போகிற யோக்கியன் ஒருவனின் தலையில் என் கடனைக் கட்டியிருப்பேன்.

சரி, எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? டேஷ்போர்டு மூடி கிரீச்சிடுவதையும், பின் சீட்டில் என் பையன் பேனாவால் கிறுக்கியதையும்? வேண்டாம். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரை எடுக்காது. எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்று உண்டு. எதை அவர் கேட்காமல் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டோமோ, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வேண்டுதல் ஒன்று போதும், நமக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி.

இது காருக்கு மட்டும் இல்லை. ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு ரிசல்ட் வாங்கப் போகாமல் இருப்பவரை எனக்குத் தெரியும். மகன் எந்நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான், படிக்கிறான் என்று நம்புகிற அப்பாக்களைத் தெரியும். பங்குதாரர் கணக்கில் ஏதோ இடிக்கிறது, ஆனால் நம்பிக்கை இல்லாமல் தொழில் செய்ய முடியுமா என்று கேட்கிறவர்களைத் தெரியும். எல்லோரும் நல்லவர்கள். எல்லோருடைய வண்டியிலும் அறுபதுக்கு மேல் ஒரு சத்தம் வருகிறது. எல்லோரும் வேளச்சேரிப் பக்கமே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டியை எடுத்துப்போக மகளும் வந்திருந்தாள். பழைய பேரிங்கை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். விரலால் சுற்றிப் பார்த்தாள். நறநறத்தது. "இது எனக்கு வேண்டாம் அங்கிள், நீங்களே வெச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போது என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் போன் செய்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"சார், ஸ்டெப்னி ஜாக்கி எங்க வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். வைத்துவிட்டார். கடைசி வரை சார்தான். பரவாயில்லை. பின்னணியில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. காதை நன்றாக வைத்துக் கேட்டேன். வேறு சத்தம் எதுவும் இல்லை.

நீங்கள் பழைய கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரே ஓர் யோசனை. ஏறி உட்கார்ந்ததும் ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள். விற்கப் போகிறீர்கள் என்றால், அவர் சொல்வதற்கு முன் நீங்களே அணைத்துவிடுங்கள்.